ஹட்லி துரைக்குப் படையல்

சூளைவாயை அடைத்திருந்த செங்கற்களைப் பிரித்ததும் முதலில் வெளியே வந்த ஊறுகாய் ஜாடியில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. இரண்டாவதிலும் அதே இடத்தில் அதே விரிசல். பட்டறையில் நெடுநாளாக வேலை செய்கிற ஆராயி மூன்றாவதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள். அதிலும் அதே விரிசல்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை அது. பழமலை அங்கே தற்காலிக உதவி மேற்பார்வையாளன். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பான். பிறகு சரிபார்த்தது சரிதானா என்று யோசிப்பான். மண் பதம், உலர்த்தல், அடுக்கு, எல்லாமே சரியாக இருந்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம். ஆனாலும் தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நம்பினான்.

மானேஜர் ராஜாராமன் சுற்றி வளைக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு சூளை. அதுவும் விரிசல் விட்டால் முதலாளி பட்டறையை மூடிவிடுவார். தற்காலிகமானவர்கள் அன்றைக்கே ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். பழமலைக்கு ஊர் நல்லூர் பக்கம். இனி கலப்பை பிடிக்க மாட்டேன் என்று அப்பாவிடம் தெரு கேட்கச் சொல்லிவிட்டு வந்தவன் அவன்.

மானேஜர் திரும்பி நடந்தபோதுதான் ஆராயி வாயைத் திறந்தாள்.

"தொர பசியா இருக்காரு. அவரு பசியோட இருக்கறவரைக்கும் இந்தச் சூளையில ஒண்ணும் தேறாது."

அந்தச் சூளையைக் கட்டியவர் ஹட்லி துரை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு பீங்கான் ஊரிலிருந்து வந்தவர், கட்டி முடித்த பிறகும் போகவில்லை. ஒரு மத்தியானம் சூளைக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். உயிரோடு இருந்தவரை, சூளை பற்றவைக்கும் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவருக்கு ஒரே சாப்பாடுதான். ஆட்டுக்கறியைக் கறுப்பு பீரில் கொதிக்கவிட்டு, பீங்கான் தட்டில் கொட்டி, மேலே மைதாமாவை மூடிபோல் இட்டு, அனலில் சிவக்கவிட்ட பண்டம்; அதைத் துரை 'பை' என்பார். கூடவே அதே கறுப்பு பீர் ஒரு பாட்டில். வெள்ளைக்காரர் என்பதால் குடிக்கப் பெர்மிட் இருந்தது. குவளையில் சாய்த்து ஊற்றுவார். நுரை அடங்கக் காத்திருப்பார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறந்து சூளையைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் தீ வைக்க வேண்டும். அவர் போனதிலிருந்து ஒரு சூளை ஜாடிகூட முழுதாக வெளியே வரவில்லை.

விஞ்ஞான யுகத்தில் இதென்ன பேச்சு என்று மானேஜர் எல்லோர் முன்னாலும் ஆராயியைக் கண்டித்தார். பிறகு பழமலையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, துரை சாப்பிட்டது வெள்ளாடா செம்மறியா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

படையலுக்கு ஆராயி வைத்த சட்டம் கண்டிப்பானது. துரை எதைச் சாப்பிட்டாரோ அதேதான் வைக்க வேண்டும். படைக்கிறதை யாரும் முன்னால் ருசி பார்க்கக்கூடாது, எச்சில் ஆகிவிடும். படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். ஆள் நின்றால் செத்தவர் சாப்பிட வரமாட்டார்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கறுப்பு பீருக்குப் புதுச்சேரிதான் போக வேண்டும். பழமலை ஜென்மத்தில் பீர்க் கடை வாசலை மிதித்தவன் அல்ல. கடைக்காரன் எந்த மார்க் என்று கேட்டதற்கு, கறுப்பாக இருந்தால் போதும், செத்துப்போனவருக்கு என்றான். கடைக்காரன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பாட்டில்களையும் வேட்டியில் சுருட்டிப் துணிப்பையில் வைத்து மடியில் இறுக்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தான்.

கடலூரில் ஒரு போலீஸ்காரர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுங்கலுக்கும் பைக்குள் பாட்டில்கள் பேசின. அவர் பையைப் பார்த்தார், பழமலையின் முகத்தைப் பார்த்தார், என்ன அது என்றார். வயிற்று வலிக்குக் கஷாயம் என்று பழமலை சொன்னான். அவருக்கும் காலையிலிருந்து வயிறு சரியில்லையாம். வாங்கித் திறந்து நிதானமாக ஒரு வாய் குடித்தார். வடலூர் வருவதற்குள் பாட்டில் பாதியாகிவிட்டது.

"எம் பொண்டாட்டி வெக்கிற கஷாயம் இது கிட்டக்கூட வராது தம்பி. இன்னொரு பாட்டில் இருக்குது போலிருக்கே?"

"அது செத்துப்போனவருக்குங்க."

போலீஸ்காரர் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பாதிப் பாட்டிலை மூடி அவன் மடியிலேயே மரியாதையாக வைத்துவிட்டு, எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.

எச்சில் பட்ட பாட்டில் படையலுக்கு ஆகாது. அதை ஒத்திகைக்கு வைத்துக்கொண்டான்.

ஒத்திகையாக முதலில் செய்த கறிப் பையில் அவன் தொழில் புத்தி குறுக்கே வந்தது. ஈரத்தோடு சூட்டில் வைத்தால் எந்தப் பாண்டமும் வெடிக்கும் என்று அவனுக்குப் பாடம். அதனால் மைதா மூடியை ஜாடிகளோடு வரிசையில் வைத்து நிழலில் உலர்த்தினான். சுட்டு எடுத்தபோது அது ஓடாகிவிட்டிருந்தது. தட்டிப் பார்த்தான், நல்ல பீங்கான் போலக் கணீரென்றது. பட்டறை நாய் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

இரண்டாவதை உலர்த்தவில்லை. ஆனால் ஜாடிக்குக் கைப்பிடி ஒட்டுவதுபோல் மூடியின் ஓரத்தைக் கரைத்த மாவால் இம்மி இடைவெளி இல்லாமல் ஒட்டினான். அனலில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் மூடி வேட்டுப்போல் வெடித்துக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. பெண்கள் கூச்சல் போட்டபடி வெளியே ஓடினார்கள். சத்தம் அடங்கியபோது, காலியாகக் கிடந்த சூளைக்குள்ளிருந்து யாரோ இருமியது எல்லோருக்கும் கேட்டது. வயதான ஆளின் இருமல். கடைசியில் சின்னதாக ஒரு கனைப்பு.

தீ போடுகிறவன் கலியமூர்த்தி. கிடா மீசை, சுடுகாட்டில் படுத்துத் தூங்கியவன் என்று தானே சொல்லிக்கொள்வான். அது வௌவால் என்று தைரியமாகச் சொன்னான். சொல்லும்போது ஆராயிக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"வௌவாலுக்கு இன்னா, சளி புடிச்சிருக்குதா?" என்று கேட்டாள் ஆராயி.

அன்று முதல் சூளைக்கொட்டகையில் துரை காலத்துக் குழாய்ப்புகையிலை வாசனை வரத் தொடங்கியது. பட்டறையில் பீடி குடிப்பவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். பிரம்பு நாற்காலியை மூலையில் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் பார்த்தபோது அது சூளையைப் பார்த்தபடி இருந்தது. பெருக்குகிறவள் நகர்த்தியிருப்பாள் என்று பழமலை முடிவு செய்தான். பெருக்குகிறவள் அந்த வாரமெல்லாம் கொட்டகைப் பக்கமே வரவில்லை என்பதை யாரிடமும் விசாரிக்காமல் இருந்துவிட்டான்.

மூன்றாவது ஒத்திகையில் மூடி நடுவே ஒரு துளை போட்டான். பை பொன்னிறமாக வந்தது. ஆராயி ருசி பார்த்தாள். சரியாகப் பிடிபடவில்லை என்று மறுபடியும் பார்த்தாள். கலியமூர்த்தியும் ருசி பார்த்தான். தட்டு காலியான பிறகு, கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் கருப்பட்டியைக் கருக்கின மாதிரி நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது என்று இருவரும் ஒரே தீர்ப்பாகச் சொன்னார்கள். தட்டில் மிச்சமிருந்த சாற்றைப் பழமலை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். துரை ஏன் கண்ணை மூடிக்கொண்டார் என்பது அவனுக்குப் புரிந்தது.

பற்றவைக்கும் நாள் வந்தது. ஜாடிகளை அடுக்கி, சூளைவாயைச் செங்கல்லால் அடைத்து மண் பூசியாயிற்று. இரண்டாவது பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிச் செய்த படையல் பை மணத்தோடு சிவந்து வந்தபோதுதான் பழமலைக்கு அந்தச் சந்தேகம் வந்தது. உப்பு போட்டோமா? கை உப்பை அள்ளியது ஞாபகம் இருந்தது. ஆனால் அது இந்தப் பையா, முந்தைய பையா? ருசி பார்க்கக்கூடாது. பார்க்காமல் இன்னொரு கை போட்டால் இரட்டிப்பாகலாம். மானேஜரிடம் போய்ச் சொன்னான். அவர் வெளுத்துப்போய், ஒரு கௌரவமான மனிதருக்கு உப்பில்லாத பண்டம் வைப்பது எப்படி என்றார். விஞ்ஞான யுகத்தை அவர் மறந்து சில நாளாகிவிட்டது.

"தொரைக்கு வேணும்னா கேட்டு வாங்கிக்குவாரு. நீ வெச்சிட்டு வா தம்பி" என்றாள் ஆராயி.

சாயங்காலம் நாற்காலிக்கு முன்னால் வாழையிலை விரித்துப் பையை வைத்தார்கள். பக்கத்தில் பாட்டில், குவளை, கத்தி, முள்கரண்டி. துரை கிறிஸ்தவர் என்பதால் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அவருக்கு அது போதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று சூடமும் ஏற்றினார்கள். இரண்டு சுடரும் காற்றில்லாத அந்தக் கொட்டகையில் சூளையின் பக்கமாகச் சாய்ந்தன. மானேஜர் கைகூப்பினார். எந்தப் பாஷையில் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் "ப்ளீஸ் சார்" என்றார்.

சூடம் அணைந்ததும் கலியமூர்த்தி தனியாகப் பின்வாசல் வழியே வந்து தீ வைத்து, ஆள் துணை இல்லாமல் எரித்து முடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. சூளை ஆறும்வரை வேறு யாரும் உள்ளே போகக்கூடாது. கலியமூர்த்தி மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டினான். எச்சில் விழுங்கியது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. பைக்காகத்தான் விழுங்குகிறான் என்று பழமலை நினைத்துக்கொண்டான். கதவைச் சாத்திவிட்டுக் கலைந்தார்கள்.

பழமலை கடைத்தெரு மாடியில் மாலை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனான். விரல் எழுத்தில் நிற்கவில்லை. இருட்டுவதற்குள் ஜன்னல் வழியே பட்டறைப் புகைபோக்கியைப் பார்த்தான். புகை எழும்பிக்கொண்டிருந்தது. கொஞ்சமும் தடுமாறாத, நேரான புகை. கலியமூர்த்தியின் தீயில் இப்படி ஒரு புகையை அவன் பார்த்ததே இல்லை. பயம் மனிதனை ஒழுங்காக வேலை செய்ய வைக்கிறது என்று எண்ணிக்கொண்டான்.

மறுநாள் ஆராயி கலியமூர்த்திக்குக் காரக்குழம்பும் சோறும் தூக்கில் கொடுத்தனுப்பினாள். பழமலை அதைக் கதவருகே வைத்துவிட்டு, வெளியிலிருந்தே குரல் கொடுத்தான்.

"அண்ணே, எப்படிப் போவுது?"

உள்ளே கரி கிளறும் இரும்புக் கம்பி தரையில் இரண்டு முறை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நன்றாகப் போகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டான். சாயங்காலம் தூக்கு காலியாகக் கதவருகே இருந்தது. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. மூடிமேல் மிளகாய்களெல்லாம் ஒதுக்கி வரிசையாக அடுக்கியிருந்தது. பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு பழையது சாப்பிடுகிற கலியமூர்த்தியா என்று பழமலைக்கு ஒரு நொடி தோன்றியது. அனலில் வயிறு புண்ணாகியிருக்கும். பாவம்.

சூளை ஆறிய காலையில் எல்லோரும் கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். பை இருந்த தட்டு வழித்தெடுத்தாற்போல் இருந்தது. பாட்டில் காலி. கத்தியும் முள்கரண்டியும் தட்டின் மேல் ஒட்டினாற்போல் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஜாடிக்குப் பளபளப்பு ஏற்றச் சூளைக்குள் வீசுகிற உப்பு மூட்டை அவிழ்ந்திருந்தது. தட்டோரத்தில் அந்த உப்பு ஒரு சிட்டிகை.

அப்படியானால் உப்பு போடவில்லை. பழமலைக்குக் காது சூடேறியது. கூடவே சிரிப்பும் வந்தது. துரையாம், படையலாம். ராத்திரி பகலாக ஒற்றை ஆளாகக் கரி தள்ளியவன் பசிக்குத் தின்றிருக்கிறான், குடித்திருக்கிறான். துரை சாப்பிடுவதை எத்தனை வருஷம் பார்த்தவன், கரண்டியைக்கூட அவர் மாதிரியே வைத்துப் பார்த்திருக்கிறான். பழமலை இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. கலியமூர்த்தியிடம் மட்டும், உப்பு இல்லாததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

செங்கற்களைப் பிரித்தார்கள். முதல் ஜாடி முழுசாக வந்தது. ஆராயி விரலால் சுண்டினாள். கோயில் மணி போல் நின்று ஒலித்தது. அடுத்தது, அதற்கடுத்தது. கடைசி வரிசைவரை ஒரு கீறல் இல்லை. அப்படி ஒரு பளபளப்பைத் துரை காலத்துக்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. ஆராயி ஒரு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பட்டறை மூடப்படாது என்றும், பழமலையை நிரந்தரமாக்க முதலாளிக்கு அன்றே சொல்லிவிடுவதாகவும் அறிவித்தார். கலியமூர்த்திக்கு நல்ல வேட்டியாக ஒன்று எடுக்க வேண்டும் என்றார். ஆனால் கலியமூர்த்தியைத்தான் காணோம். களைத்துப்போய் எங்காவது படுத்திருப்பான் என்று ஆளாளுக்குத் தேடினார்கள்.

அந்த நேரத்தில் பட்டறை வாசலில் பஸ் ஒன்று நின்று புறப்பட்ட சத்தம் கேட்டது. கலியமூர்த்தி தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே வந்தான். நேராக மானேஜரிடம் போய்க் காலில் விழுந்தான். என்ன அடக்கம் பார் என்று மானேஜர் நெகிழ்ந்து அவனைத் தூக்கப் போனார்.

"மன்னிச்சிடுங்க சார். அன்னிக்கு கதவ சாத்துனதுமே பயந்துபோயி, பெண்ணாடத்துல மாமியா வூட்டுக்கு ஓடிட்டேன். இந்த ஒரு தடவ பொறுத்துக்குங்க, இப்பவே போயி சூளைய பத்த வெச்சிடறேன்."