ஸ்டெல்லா டீச்சர் உண்டியலுக்கு நான் போட்ட நாமம்

சாமி உண்டியலில் கை வைத்த மனிதர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதர் சேர்த்த உண்டியலைச் சாமி கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முழித்தவள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதுவும் என் உண்டியல் இல்லை. என்னை நம்பி இன்னொருத்தி கொடுத்து வைத்தது.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை. இருபத்திரண்டு வயசு. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (தெரியாதவை எல்லாம் பாடத்திட்டத்தில் இல்லாதவை, அதனால் தேவையில்லாதவை.)

மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் மூன்று பேர் ஒன்றாக உட்காருவோம். தையல் டீச்சர் ஸ்டெல்லா, கணக்கு டீச்சர் கமலா, நான். மூவருக்கும் ஆளுக்கொரு ஆசை. ஸ்டெல்லா டீச்சருக்குக் காலால் மிதிக்கிற தையல் மெஷின் வாங்கவேண்டும். பள்ளிக்கூட நேரம் போக வீட்டில் தைத்தால் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும். கமலாவுக்குக் கல் வைத்த கம்மல். எனக்குக் கைக்கடிகாரம். தினமும் தாமதமாகப் போய்த் தலைமையாசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதற்குக் காரணம் கடிகாரம் இல்லாததுதான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

முந்தின வருஷமே மூன்று பேரும் மண் உண்டியல் வாங்கி, வருஷ முடிவில் உடைப்பதாகச் சபதம் எடுத்திருந்தோம். கமலாவின் உண்டியல் வைகாசி கருட சேவைக்கு வந்த வளையல் கடையைப் பார்த்ததும் உடைந்துவிட்டது. என்னுடையது கடைசிவரை உடையவில்லை. கொண்டை ஊசியை விட்டு அவ்வப்போது நெம்பி எடுத்ததில் வருஷக் கடைசியில் முழுசாக, அழகாக, காலியாக இருந்தது.

"அவங்கவங்க உண்டியல் அவங்கவங்க வீட்ல இருந்தா அது உண்டியல் இல்லமா, அஞ்சறைப் பெட்டி" என்றார் ஸ்டெல்லா டீச்சர். "இந்த வருஷம் மாத்தி வெச்சிக்கலாம். அடுத்தவங்க காசுன்னா கை வைக்கப் பயம் இருக்கும்."

அப்படியே ஏற்பாடானது. என் உண்டியல் கமலா வீட்டுக்குப் போனது. கமலாவுடையது ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு. ஸ்டெல்லா டீச்சருடையது எனக்கு. சம்பளத்தன்று அவரவர் பணத்தைக் காவல்காரியிடம் கொடுத்துவிட வேண்டும்; கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் மூன்றையும் ஒன்றாக உடைக்க வேண்டும். உண்டியலை என் கையில் கொடுக்கும்போது ஸ்டெல்லா டீச்சர், "பத்திரம் வசந்தா" என்று ஒரே ஒரு தரம்தான் சொன்னார். நான் மாரில் தட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. எங்கள் வீட்டில் காசு என்பது காற்று மாதிரி, பொதுச் சொத்து. அப்பா பட்டுப் புடவைக் கடையில் விற்பனையாளர். கடைக்கு வருகிறவர்களிடம் பத்துப் பைசா விட்டுக்கொடுக்க மாட்டார். வீட்டில் யார் பையிலிருந்தும் கேட்காமல் எடுத்துக்கொள்வார். காலேஜில் படித்த தம்பி, அம்மா பெருங்காய டப்பாவில் ஒளித்து வைத்த காசை மோப்பம் பிடித்தே கண்டுபிடிப்பான். அவன் சட்டைப்பையில் பெருங்காய வாசனை வந்தால் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் படித்தவள் அல்லவா, யோசித்தேன். உண்டியலுக்கு மஞ்சள் பூசினேன். மஞ்சள் துணியைச் சுற்றினேன். சுண்ணாம்பும் குங்குமமும் குழைத்துப் பெரிதாக ஒரு நாமம் போட்டு, பூஜை மாடத்தில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். திருப்பதி உண்டியல் என்றால் எந்தக் கை நீளும்?

"இன்னாடி இது?" என்றாள் அம்மா.

"வேண்டுதல்."

"இன்னா வேண்டுதல்?"

"சொன்னா பலிக்காதும்மா."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இருபத்திரண்டு வயசுப் பெண் பெருமாளிடம் வேறு என்ன கேட்பாள்? கல்யாணப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிற மகள் தானாகவே வேண்டிக்கொண்டாள் என்ற சேதி, மறுநாளே முசரவாக்கத்தில் இருந்த அத்தைக்குப் போய்விட்டது.

அத்தை, அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தின் உச்ச நீதிமன்றம். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி, உண்டியலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல பாதம் இருக்குதா இல்லியா?"

நாமத்தின் அடியில் பாதம் இருந்தால் தென்கலை, இல்லாவிட்டால் வடகலை. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டுக்குப் போன ஊர் எங்களுடையது. நான் போட்டதோ, சுண்ணாம்பு வழிந்ததால் பாதம் இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது.

"பாதி இருக்குது அத்த" என்றேன்.

"பெருமாள் மன்னிப்பாரு" என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்து எட்டணா எடுத்து உள்ளே போட்டார்.

அங்கிருந்து பிடித்தது சனி. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் போட்டாள். அப்பா புடவை நல்ல விலைக்குப் போன நாளில் போட்டார். தம்பி பரீட்சைக்கு முன்னால் போட்டான். (அது அம்மாவின் பெருங்காயக் காசு. திருட்டுக் காசுக்கும் பெருமாள் பங்குதாரரானார்.) வாழ்நாளில் சேமிப்பு என்ற சொல்லையே கேட்டிராத என் குடும்பம், அடுத்தவர் உண்டியலில் விழுந்து விழுந்து சேமித்தது.

ஸ்டெல்லா டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். "உங்க உண்டியல் கனம் ஏறிக்கினே போவுது டீச்சர்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் சாப்பாட்டுக் கையோடு அப்படியே எழுந்துவிட்டார். "அது சாமி காசாச்சே வசந்தா. எனக்கு என் காசு போதும். தனியா பிரிச்சு வெச்சிடுமா."

"உடைக்காம எப்படிப் பிரிக்கறது?" என்றாள் கமலா. "உடைக்கற அன்னிக்குக் கழிச்சிக்கலாம்." கணக்கு டீச்சரே சொன்ன பிறகு நான் எதற்குக் கவலைப்படப் போகிறேன்?

புரட்டாசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால், வாசலிலேயே புளியோதரை மணக்கிறது. கூடத்தில் அத்தை புதுப் புடவையோடு உட்கார்ந்திருக்கிறார். அம்மா பைகளில் துணியை அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"காலம்பற முதல் பஸ்ஸுக்குத் திருப்பதி போறோம்" என்றாள். "செவிலிமேட்டுலேர்ந்து வந்து பேசிட்டுப் போனாங்க. பையன் கரண்டு ஆபீஸ்ல வேலை. ஜாதகம் பொருந்திடுச்சு."

என் கல்யாணம் முடிவாகிக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் முதலில் போனது உண்டியல் பக்கம்தான்.

"வேண்டுதல் இன்னும் முடியலியேம்மா. டிசம்பர்லதான் முடியும்."

"பெருமாள் முந்திக்கினாரு" என்றார் அத்தை. "வேண்டுதல் காசை வீட்ல வெச்சிக்கினு தாம்பூலம் மாத்தக் கூடாது."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். பெருமாள் பேரைச் சொல்லி வீட்டையே ஏமாற்றியவள் ஆவேன். கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ளவே இல்லை என்றும் ஆகும். அம்மா தையல் மெஷினுக்காகவா வெள்ளிக்கிழமை தோறும் நெய் விளக்கு ஏற்றினாள்? அரக்கோணத்தில் சொல்லலாம் என்று பஸ் ஏறினேன். அரக்கோணத்தில் அப்பா எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார், சந்தோஷமாக இருந்தார். திருத்தணியில் சொல்லலாம் என்றால் அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். உண்டியல் என் மடியில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது குலுங்கியது. ஸ்டெல்லா டீச்சர் மெஷின் மிதிக்கிற சத்தம் மாதிரியே கேட்டது.

மலைமேல் சத்திரத்து வாசலில் அத்தை அதை ஒரு கல்லில் தட்டி உடைத்தார். ரூபாய் நோட்டுகளும் சில்லறையும் கலந்து சரிந்தன.

"எண்ணிப் பாக்கலாமா அத்த?" என்றேன். எண்ணுகிற சாக்கில் நோட்டுகளை ஒதுக்கிவிடலாம் என்று திட்டம்.

"வேண்டுதல் காசை எண்ணக் கூடாது" என்று மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டம். வரிசையில் முன்னால் அத்தையும் அம்மாவும், பின்னால் நானும் அப்பாவும். நாலு பக்கமும் கோவிந்தா முழக்கம். இனியும் தாங்காது என்று அப்பாவின் காதருகே போய்க் கத்தினேன். "அப்பா, அது ஸ்டெல்லா டீச்சர் காசு."

"இன்னாமா?"

"அதுல ஸ்டெல்லா டீச்சர் காசு இருக்குதுப்பா."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "ஸ்டெல்லா டீச்சரும் போட்டாங்களா? உன் கல்யாணத்துக்காகவா?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் முன்னால் திரும்பினார். "யக்கா, கேட்டியா? சர்ச்சுக்குப் போற அம்மா, நம்ம பொண்ணுக்காகப் பெருமாளுக்குக் காசு போட்டிருக்காங்க."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு முன்னால் நின்ற முகம் தெரியாத அம்மாளும் போட்டுக்கொண்டார். வரிசையில் பத்தடி தூரத்துக்கு ஸ்டெல்லா டீச்சரின் பெருந்தன்மை பரவியது. இனி நான் மறுத்தால் அந்தப் பக்தர் கூட்டமே என்னைத் தூக்கிப் போட்டு மிதித்திருக்கும்.

உண்டியல் பக்கம் வந்ததும் அத்தை முடிச்சை என் கையில் கொடுத்தார். "உன் கையால போடு." நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தியமாக, ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பின்னாலிருந்து யாரோ "ஜரகண்டி, ஜரகண்டி" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். நான் முன்னால் சாய்ந்தேன். நிமிர்ந்தபோது கை காலியாக இருந்தது. பெருமாளைப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் ஸ்டெல்லா டீச்சர் முன்னால் ஒரு லட்டை வைத்தேன்.

"திருப்பதியா? எப்ப போனீங்க?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கமலா டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

ஸ்டெல்லா டீச்சர் தன் டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்தி வைத்தார். "எல்லாமேவா?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாம் டீச்சர்."

லட்டைக் கொஞ்சம் பிட்டு வாயில் போட்டு, மெதுவாக மென்றார்.

"ஒம்போது மாசம் சேத்தது" என்றார். "நல்லாத்தான் இருக்குது." பிறகு முகம் இறுகியது. "இதோ பாரு வசந்தா. பெருமாள் மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு கேக்கல. நீதான் கொண்டுபோய்க் குடுத்த. எனக்கு என் மெஷின் வேணும்."

கமலா வீட்டிலிருந்த என் உண்டியல் அன்று சாயங்காலமே உடைந்தது. அது போதவில்லை என்பதால் சம்பளத்தன்று வீட்டுக்குப் போகும் முன்பே ஸ்டெல்லா டீச்சர் கையில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய மெஷின் ஈஸ்டருக்கு வந்தது. சித்திரையில் என் கல்யாணம். ரவிக்கை எல்லாம் அந்த மெஷினில் அவர்தான் தைத்தார். கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கல்யாணப் பந்தலில் அப்பா ஸ்டெல்லா டீச்சரை முதல் வரிசையில் உட்கார வைத்து, வந்தவர்களிடமெல்லாம் அறிமுகப்படுத்தினார். "என் பொண்ணுக்காகப் பெருமாளுக்குக் காசு போட்டவங்க. ஆறே மாசத்துல பெருமாள் தையல் மெஷினே குடுத்துட்டாரு. இல்லீங்களா டீச்சர்?"

ஸ்டெல்லா டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

அப்பா கடைசிவரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. குடும்பத்தில் உண்மையை நான் சொன்னது, என்னைக் கட்டிக்கொண்ட செவிலிமேட்டுக்காரர் ஒருவரிடம் மட்டும்தான். அதுதான் தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து இந்த வீட்டில் யாராவது என்னிடம் பணத்தைக் கொடுத்து, "பத்திரமா வெச்சிரு" என்று சொன்னால், உள்ளே இருந்து அவர் குரல் வரும். இப்போது பேரன் பேத்திகளும் கூடச் சேர்ந்து சொல்கிறார்கள்:

"அவகிட்டயா குடுத்தீங்க? மலையேறிடும்பா."