தலைக்கென்றால் எண்ணெய் கிடையாது

தலைமுடி என்ற ஒரே விஷயத்துக்காக முப்பது வருடம் விடாமல் கோபப்பட்ட மனிதர் இந்தியாவிலேயே ஒருவராகத்தான் இருப்பார். அவர் கொல்கத்தாவில், பெஹாலாவில், எங்கள் சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்தார்.

அவருக்குப் பெயர் எண்ணெய் அண்ணாச்சி. எண்ணெய் விற்றதால் வந்த பெயர் இல்லை, விற்க மறுத்ததால் வந்த பெயர். நல்ல தேங்காயெண்ணெய், அப்பளம், இட்லி அரிசி, காப்பிப் பொடி என்று தெற்கத்திக்காரர்களுக்கு வேண்டிய எல்லாமே அங்கே கிடைக்கும். ஆனால் நெற்றி மேலேறிய ஆண்பிள்ளை யாராவது போய்த் தேங்காயெண்ணெய் கேட்டால், "சமையலுக்கா, தலைக்கா?" என்று ஒரு விசாரணை நடக்கும். தலைக்கு என்று உண்மையைச் சொன்னவன் வெறுங்கையோடு திரும்புவான். சமையலுக்கு என்று பொய் சொன்னவனிடம் என்ன சமையல் என்று அடுத்த கேள்வி வரும். பெண்களுக்கும், தலை நிறைய முடி உள்ளவர்களுக்கும் கேள்வி கிடையாது.

அண்ணாச்சிக்கு முழு வழுக்கை. கடையில் எரியும் டியூப் லைட்டின் முழு நீளத்தையும் அவர் தலையில் பார்க்கலாம். வங்காளத்தில் வழுக்கைக்கு ‘டாக்’ என்று பெயர். சந்தில் கேரம் ஆடும் கிளப் ஆசாமிகள் அந்த வார்த்தையை அவர் காதுபட எப்போதாவது சொல்வார்கள். "அமார் டாக், தோமார் கீ?" என்று கடைக்குள்ளிருந்து சீறுவார். என் வழுக்கை, உனக்கென்ன என்று அர்த்தம். அவருடைய வங்காளத்தில் இலக்கணப் பிழை இல்லாத ஒரே வாக்கியம் அதுதான் என்று அவர் மனைவியே சொல்வார்.

ஒரு நாள் மாஸ்டர் மொஷாய் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். யாரோ வெங்காயச் சாறு தேய்த்து முடி வளர்த்த வீடியோவைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அரைக் கிலோ சின்ன வெங்காயம் கேட்டார். அண்ணாச்சி தராசில் போட்டுக்கொண்டே, சாம்பார் வைக்கப் பழகிவிட்டீர்களா என்று வங்காளத்தில் விசாரித்தார். இல்லை, தலைக்கு என்று மாஸ்டர் மொஷாய் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

தராசில் இருந்த வெங்காயம் அப்படியே சாக்குக்குத் திரும்பியது. கோபம் முற்றினால் எந்த மொழிக்காரரிடமும் அண்ணாச்சி தன் சொந்த ஊர்த் திசையன்விளைத் தமிழில்தான் பேசுவார்.

"திண்டுக்கல்லேர்ந்து ரயிலேறி வருது இந்த உள்ளி. பாதி வழியிலயே அழுகிப் போவுது. மிச்சத்த நீரு மண்டையில அரைக்கப் போறீரா? ஒம்ம மண்டை என்ன அம்மியா?"

மாஸ்டர் மொஷாய், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். இன்றைக்கு வெங்காயம் அவ்வளவு நன்றாக இல்லையாம் என்று நான் மொழிபெயர்த்தேன்.

எனக்கு அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. ஊர் அம்பாசமுத்திரம். கடைக்கு எதிர் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தேன். இருபத்தெட்டு வயதில் என் முடி கிளம்ப ஆரம்பித்தது. முப்பதில் பாதி போய்விட்டது. முடி போனதைவிட மனிதர்கள் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எல்லோரும் இரண்டு அங்குலம் மேலே பார்த்துப் பேசினார்கள். லிஃப்டில் ஏறும் முன்பின் தெரியாத ஆள்கூட, ரொம்ப டென்ஷனோ என்று கேட்டான். உனக்குத் தொப்பை இருக்கிறதே, நான் ஏதாவது கேட்டேனா என்று திருப்பிக் கேட்க நினைப்பேன். அதற்குள் அவனுடைய மாடி வந்துவிடும்.

ஆகவே நான் போரில் இறங்கினேன். கறிவேப்பிலையை அரைத்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பது முதல் கட்டம். எண்ணெயை வேறு கடையில் வாங்கினேன். ஆனால் நல்ல கறிவேப்பிலை அண்ணாச்சியிடம்தான் கிடைத்தது. பத்து நாள் தாங்கியது. பதினோராம் நாள் பிடித்துவிட்டார்.

"ஏலே, தெனமும் மூணு கட்டு கருவப்பிலை வாங்குதியே. ஒத்த ஆளு. என்ன சமைக்க?"

"ரசம், அண்ணாச்சி."

"மூணு கட்டுலயா?"

"தொவையலும் உண்டு."

அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, என் கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து, தலையை மோந்து பார்த்தார். கடையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள்.

"ரசம் இங்கதான் கொதிக்கு போல" என்றார்.

எனக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது. "ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டு, பேரனும் பொறந்தாச்சு. எனக்கு இப்பத்தான் பொண்ணு பாக்காங்க. ஒங்க மண்டைய வச்சு என் மண்டைக்குச் சட்டம் போடாதீங்க, அண்ணாச்சி" என்று கத்திவிட்டேன்.

அண்ணாச்சி கறிவேப்பிலையைக் காகிதத்தில் சுருட்டி என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அதன்பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் அம்மா போன் செய்தாள். நியூ டவுனில் ஒரு வரன். மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாவில் இருக்கும் குடும்பம், பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "எல்லாம் புடிச்சிருக்காம்டா. போட்டோவப் பாத்துட்டு மாப்பிள்ளைக்கு முப்பத்தொண்ணா, நாப்பத்தொண்ணான்னு மட்டும் கேக்காவ. வேற நல்ல போட்டோ ஒண்ணு எடுத்து அனுப்பு" என்றாள். வேற நல்ல போட்டோ எடுக்க வேற நல்ல தலை வேண்டுமே என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு மாடியில் முடி வளர்க்கும் நிலையம் ஒன்று இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் நடத்தினான். அவன் தலையில் மூன்று பேருக்குப் போதுமான முடி. மூன்றாவது முறை போனபோது ஏதோ புதுத் திரவத்தைத் தடவினான். பற்றி எரிந்தது. "எரிந்தால் வேர் விழித்துக்கொள்கிறது என்று அர்த்தம்" என்றான். படித்து, பரீட்சை எழுதி, அரசு வேலையில் இருக்கும் நான் அதை நம்பினேன். அவன்மேல் உள்ள கோபத்தில் பாதியை அந்த ஒரு காரணத்துக்காக இன்றுவரை என்மேலும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் உச்சந்தலை முழுக்கக் கொப்புளம். நெற்றி வீங்கி இமைகளை மூடிவிட்டது. சுவரைத் தடவிக்கொண்டே மாடிப்படி இறங்கி, தெருவைக் கடந்து, எனக்குத் தெரிந்த ஒரே வாசலில் போய் நின்றேன்.

துர்கா பூஜைக்குக்கூட அடைக்காத கடையின் ஷட்டர் தடாலென்று இறங்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி என்னை டாக்ஸியில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரசாயனக் காயம் என்றார் டாக்டர். ஊசி போட்டு, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு அனுப்பினார். வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். டாக்ஸி அந்த முடி வளர்க்கும் நிலையத்து வாசலில் நின்றது.

மேலே எட்டுப் பேர் நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி என்னை நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பிறகு வங்காளம், இந்தி, தமிழ் எல்லாம் கலந்து ஆரம்பித்தார்.

"நேத்துவர இவனுக்கு முடி மட்டுந்தான் இல்ல. இன்னிக்குத் தோலும் இல்ல. பாத்துக்கிடுங்க. இவனுக்கு அடுத்து யாரு?"

நான்கு பேர் உடனே எழுந்து போனார்கள். வெள்ளைக் கோட்டுக்காரன் போலீசுக்குப் போன் செய்தான். அண்ணாச்சி ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து, வரட்டும் என்று காலாட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளைச் சீருடையில் ஒரு கான்ஸ்டபிள் மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். வேர்வையைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒன்றும் இல்லை. வெள்ளைக் கோட்டுக்காரன் முகம் அப்போதே விழுந்துவிட்டது. கான்ஸ்டபிள் இரண்டு பக்கமும் கேட்டார். என் கட்டைப் பார்த்தார். பிறகு வெள்ளைக் கோட்டுக்காரனிடம், டாக்டர் சர்டிபிகேட்டையும் லைசென்ஸையும் எடு என்றார். இரண்டுமே இல்லை. நான் புகார் எழுதிக் கொடுத்தேன்.

படி இறங்கும்போது கான்ஸ்டபிள் அண்ணாச்சியின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், "தாதா, வெங்காயச் சாறாவது வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி அந்தச் சீருடையைப் பார்த்தார். தொண்டைவரை வந்த ‘ஒம்ம மண்டை என்ன அம்மியா’வை விழுங்கினார். "சாம்பாருல போடுங்க ஸார். நல்லாருக்கும்" என்றார்.

அந்த நிலையத்தை மூடினார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொரு பேட்டையில் வேறொரு பெயர்ப் பலகையோடு அதே முடிக்காரனை நானே பார்த்தேன். இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டு வாரம் தினமும் அண்ணாச்சி வீட்டில் வைத்துத்தான் கட்டு மாற்றினார்கள். அண்ணாச்சியே மாற்றுவார். பஞ்சை மருந்தில் தோய்த்துத் தோய்த்து, ஒவ்வொரு ஒற்றலுக்கும் ஒரு வசவு. கை மட்டும் பூப்போல இருக்கும். ஒரு நாள் அவர் கடைக்குப் போனபிறகு அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"இருவத்தஞ்சு வயசுல இவுகளும் இப்படித்தான் தம்பி. தேய்க்காத தைலம் கெடையாது. ஒரே தங்கச்சி கல்யாணத்துல, போட்டோவுல மண்டை தெரியும்னு பந்தி நடக்குற எடத்துலயே நின்னுட்டாவ. தாலி கட்டும்போதுகூட மணவறைப் பக்கம் வரல. அந்தப் புள்ள பிரசவத்துல போயிருச்சு. அதோட நின்னு எடுத்த படம் ஒண்ணுகூட இவுககிட்ட இல்ல."

நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடையில் கத்தியது ஞாபகத்துக்கு வந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அடுத்த நாள் கட்டு மாற்றும்போது வசவுகளை எதிர்ப்பேச்சு இல்லாமல் கேட்டுக்கொண்டேன்.

அப்படி ஒரு கட்டு மாற்றும் வேளையில்தான் அம்மா மறுபடி அழைத்தாள். புதுப் போட்டோ வராததால் நியூ டவுன்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். தலையில் மருந்து போட்டுக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி குறுக்கே புகுந்தார்.

"எம்மா, ஒரு போட்டோவுக்காகப் புள்ள மண்டைய வேக வச்சிட்டியள. போனா போறாவன்னு விடுங்க."

"என் மவன் மண்டையப் பத்திப் பேச நீங்க யாரு?" என்றாள் அம்மா. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"நானா? அந்த மண்டைக்கு மருந்து போடுதவன்."

மறுமுனையில் "எரியுதாய்யா?" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். என்னையா, அவரையா, யாரைக் கேட்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அதற்கும் அண்ணாச்சி அவளைத் திட்டினார். அழுதால் தோல் வளருமா என்றார்.

காயம் ஆறியதும் முடி அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போய் எல்லாவற்றையும் மழித்துவிட்டு, அண்ணாச்சியின் பாராட்டை எதிர்பார்த்து நேராகக் கடைக்குப் போனேன்.

"யாரக் கேட்டுலே செரைச்ச?"

"நீங்கதான அண்ணாச்சி..."

"நான் செரைக்கச் சொன்னேனா? மருந்து தேய்க்காதன்னேன். அங்கன ரெண்டு மயிரு இருந்தா இருந்துட்டுப் போவுது. வளக்கதும் ஒரு வேலை, வழிக்கதும் ஒரு வேலை. ரெண்டும் அடுத்தவன் கண்ணுக்காகத்தான். சும்மா இருக்க ஒருத்தனுக்கும் தெரியல."

அதன்பிறகு நான் அதை வளர்க்கவும் இல்லை, வழிக்கவும் இல்லை. மறு வருடம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையோடு எனக்குக் கல்யாணம் நடந்தது. அவள் போட்டோவைப் பார்த்துவிட்டு, சிரிக்கும்போது பல் நன்றாக இருக்கிறது என்றாளாம். ரயிலேறி வந்திருந்த அண்ணாச்சி, ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு முடி வரைந்து தருகிறேன் என்று சொன்ன போட்டோக்காரனை மண்டப வாசல்வரை துரத்தினார். சாப்பிடாமல் போக இருந்த அவனை என் மாமனார்தான் சமாதானப்படுத்திக் கூட்டிவந்தார்.

பிறகு சென்னைக்கு மாற்றல் வந்தது. நாங்கள் கிளம்பியது டிசம்பர் மாதக் காலை. ஹௌரா ஸ்டேஷனில், பெட்டி ஏற்றிய விதம் சரியில்லை என்று போர்ட்டரையும், தாமதமாக வந்ததற்கு என்னையும், சீக்கிரம் கிளம்புவதற்கு ரயிலையும் அண்ணாச்சி திட்டிக்கொண்டிருந்தார். வண்டி நகரும் சமயத்தில் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை என் மடியில் எறிந்தார். காது, கழுத்து எல்லாம் மூடும் பழுப்புக் கம்பளி குரங்குக் குல்லாய். குளிர் வந்துவிட்டால் வங்காளிகள் எல்லோரும் மாட்டிக்கொள்வார்களே, அது.

"போட்டுக்கோலே. முடி இருக்கவனுக்கு ஒண்ணும் செய்யாது. பனி நமக்குத்தான் மண்டையில எறங்கும்" என்றார். சொல்லிவிட்டு, நான் கையசைப்பதற்குள் திரும்பி நடந்தார்.

சென்னையில் குளிர் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு நாள் காலையில், அந்தக் குல்லாயை மாட்டிக்கொண்டு, வேர்க்க வேர்க்கப் பால் வாங்கப் போய்விட்டு வருகிறேன்.