ஆம்புலன்ஸுக்கு ஒரு வாசல்

ராஜகீழ்ப்பாக்கம்,
வியாழன் மாலை

அன்புள்ள தம்பி மோகன்ராஜுக்கு,

அக்கா ஷர்மிளா எழுதுவது. இங்கு நானும் உன் மச்சான் குமரவேலும் சௌக்கியம். அங்கு நீயும் அஞ்சலியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அப்பாவும் அம்மாவும் இப்போது உங்களோடு இல்லையே. இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கலாம். எழுதினால் அப்பா படிக்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் மின்னஞ்சல். தயவுசெய்து கடைசிவரை படி.

போன வருடம் அவர்களை டெக்சாஸில் ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போனாய். வடக்கே பனி கொட்டும்போது ஓய்வுபெற்ற தம்பதிகள் வீடு மாதிரியான வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்குவார்கள் என்று காட்டினாய். காட்டியதோடு விட்டிருக்கலாம். "நீங்களும் இப்படி என்ஜாய் பண்ணணும்ப்பா" என்றாயாம், அம்மா சொன்னாள். மகன் சொல்லும் எதையும் அப்பா, தான் வேலை பார்த்த மின்வாரியத்தின் சுற்றறிக்கையாக எடுத்துக்கொள்வார் என்று உனக்குத் தெரியாதா? அங்கே குளிருக்குப் பயந்து ஓடுகிறார்கள். நம் ஊரில் குளிர் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. அதற்கு எதற்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று கேட்டேன். "குளிர்காலம்னா போகணும், ஷர்மி. உலகத்துல அதான் முறை" என்றார்.

கார்த்திகை தீபம் முடிந்த சில நாளில், கல்லூரியிலிருந்து திரும்பினால் நம் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஸ்கூட்டரை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்பே எதிர்வீட்டு யக்ஞநாராயணன் சார் செருப்பில்லாமல், தோளில் துண்டோடு வந்து நின்று, "எப்ப ஆச்சு?" என்று தழுதழுத்துக்கொண்டிருந்தார். வண்டியின் பின்கதவு திறந்தது. அப்பா இறங்கினார். "என்ன சார் ஆச்சு?" என்றார். அவர் பின்னால் அம்மா, கையில் குக்கரோடு. விஷயம் இதுதான்: பம்மலில் பட்டறை வைத்திருக்கிற குணாவிடம் சொல்லி, ஓய்வுபெற்ற ஓர் ஆம்புலன்ஸைப் பிடித்து, ஸ்ட்ரெச்சரை எடுத்துவிட்டுக் கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் இருந்த எழுத்தைச் சுரண்டியிருக்கிறார்கள், ஆனாலும் படிக்கலாம். சலைன் பாட்டில் மாட்டும் கொக்கியில் அம்மா பூவன்பழச் சீப்பைத் தொங்கவிட்டிருந்தாள். அதில் வந்த அதிர்ச்சியே எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் கோவளம் போய்விட்டார்கள்.

கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குத்தோப்புக்குள் யாரோ இப்படிப்பட்ட வண்டிகள் நிற்பதற்கென்றே இடம் ஒதுக்கி, தண்ணீரும் கரண்டும் கொடுக்கிறார்கள். நம்முடையதைச் சேர்த்து ஏழு வண்டி, ஏழிலும் ஓய்வுபெற்ற தம்பதிகள். போன அன்றே பால் காய்ச்சினார்கள். ஆம், வண்டிக்கு. மார்கழி பிறந்த அன்று அம்மா விடியற்காலையில் கோலமாவோடு இறங்கிப் பார்த்தால் வாசலே இல்லை, மணல்தான். மாவு விழுந்த இடமே தெரியவில்லை. "மார்கழில வாசல்ல கோலம் இல்லாத எடத்துல நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதிலேயே அறிவுள்ள வார்த்தை அது ஒன்றுதான். அத்தோடு கிளம்பி வந்திருக்கலாம். ஆனால் அப்பா நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற குடும்பத்தில் பிறந்தவர் ஆயிற்றே, கொஞ்சம் தரையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. முதலில் நான்கு மூலையிலும் கல் நட்டார். பிறகு சிமெண்டு வாங்கி, வண்டியின் பின்கதவுக்கு நேராக ஒரு வாசல் போட்டார். சிமெண்டு மிஞ்சியது. அவர் ராத்திரி புரண்டு படுத்தால் வண்டி ஆடிப் பால் பாத்திரம் உருளுகிறது என்று அம்மா ஏற்கனவே குறை சொல்லியிருந்தாள். வீடென்றால் ஆடக்கூடாது என்று மிச்சத்தை இரண்டு பின்சக்கரத்தையும் சுற்றி ஊற்றிவிட்டார். தம்பி, நான் இயற்பியல் கற்பிக்கிறவள். சக்கரம் எதற்காக இருக்கிறது என்பதில் எனக்கு இதுவரை சந்தேகம் வந்ததில்லை.

இதெல்லாம் எனக்கு இன்றுதான் தெரியும். சனிக்கிழமை கரையைக் கடக்கும் என்று புயல் அறிவிப்பு வந்ததால், லீவு போட்டுவிட்டு அவர்களைக் கூட்டிவரப் போனேன். கேட்டிலேயே தோப்பு மேனேஜர் தினகரன் பிடித்துக்கொண்டார்.

"மேடம், நீங்கதான் பூவராகன் சார் பொண்ணா? வந்து இன்னான்னு கேளுங்க. நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள எல்லா வண்டியும் வெளிய போயாவணும். சவுக்கு மரம் சாஞ்சா வண்டி அப்பளம்தான். இவரு வண்டியாண்ட வந்தா வூடு கட்டி வெச்சிகினு கீறாரு. கேட்டா, புயலுக்கு ஸ்ட்ராங்கா கீதுன்றாரு!"

அப்பா மங்கிகேப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "கோலத்த மிதிக்காத" என்பதுதான் பெற்ற மகளுக்கு முதல் வார்த்தை.

"அப்பா, சனிக்கிழமை புயல்."

"ஈபில இருந்தவன்கிட்ட புயலப் பத்திச் சொல்றியா? ஊரே கதவச் சாத்திட்டுப் படுத்தப்ப கம்பத்துல ஏறினவன் நானு."

"அப்ப வயசு எத்தனப்பா?"

"கம்பத்துக்கா, எனக்கா?"

அம்மாவிடம் வஞ்சிரம் விற்றுக்கொண்டிருந்த கங்கையம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டே சிரித்தாள். "நாங்க போட்டையே கரைக்கு மேல இழுத்துப் போட்டுட்டோம். நீ இன்னா நைனா, சக்கரத்துக்கு சிமிட்டி பூசிகினு குந்திகினு கீற! உன் தகிரியம் எங்க ஆம்பளைங்களுக்கே வராதுபா." அப்பா இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அம்மாவைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன். "அவர விட்டுட்டு நான் எப்படி வர்றது? அதுவும் இல்லாம ஆறு வண்டி லேடீஸும் காலைல என் வாசல்லதான் கோலம் பழகுறாங்க, ஷர்மி" என்கிறாள். பக்கத்து வண்டி அந்தோணிசாமி, ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், விறைப்பாக நின்றுகொண்டு, "பூவராகன் சார் கெளம்பினா நாங்க கெளம்புவோம். சார் இருந்தா இருப்போம்" என்றார். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஒரே ஒருவர் தலையில் மொத்தம் பதினான்கு உயிர்.

நான் தனியாகத் திரும்பி வந்தேன். மாடியில் இருக்கிறவள் சொன்னால் புலம்பல், கடல் தாண்டி இருக்கிறவன் சொன்னால் அறிவுரை. இதுதான் நம் வீட்டு வழக்கம் என்பதால் உன்னைக் கேட்கிறேன். உடனே அப்பாவுக்குப் போன் செய். கடற்கரை எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுவைக்காதே. "வீட்டுக்குப் போங்கப்பா" என்று மட்டும் சொல். தினமும் கீழ்வீட்டின் பூட்டைப் பார்த்துக்கொண்டுதான் மாடி ஏறுகிறேன். நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் காற்று வரப்போகிறது. அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும், எப்படி வந்தாலும் சரி, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

அஞ்சலிக்கு என் அன்பு. குழந்தை ஸஹானாவுக்கு அத்தையின் முத்தம். அவளைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போகாதே. நீங்கள் மூவரும் எல்லா நலமும் பெற்று, ஒரே இடத்தில் அசையாமல் வாழ என் ஆசிகள்.

அன்புடன்,
அக்கா ஷர்மிளா

பி.கு.: எழுதி முடித்து அனுப்புவதற்குள் கரண்டு போய்விட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. மேலே சொன்ன எதையும் செய்யாதே. வெள்ளிக்கிழமை பெய்த முதல் மழையில் கோலம் கரைந்தது, கூடவே வாசலும் கரைந்தது. அப்பா கடற்கரை மணலையே அள்ளிக் கலந்திருக்கிறார். சக்கரத்தைச் சுற்றியிருந்தது, கடப்பாரை பட்டதும் பிஸ்கட்டாக உதிர்ந்ததாம். வாசல் போன இடத்தில் அம்மா நிற்கவில்லை, அம்மா நிற்காத இடத்தில் அப்பா நிற்கவில்லை. வண்டியை அப்பாவே ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மற்ற ஆறும். முன்னால் ஆம்புலன்ஸ், பின்னால் வரிசையாக வண்டிகள் என்றால் யார் மறிப்பார்கள்? மேடவாக்கம் கூட்ரோட்டில்கூட வழிவிட்டார்களாம். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டாராம். இப்போது ஏழும் நம் பக்கத்துக் காலி மனையில் நிற்கின்றன. புயல் வேறெங்கோ போய்விட்டது, வண்டிகள் போகவில்லை. எல்லோருக்கும் தண்ணீர் நம் மோட்டாரிலிருந்து. உன் மச்சான் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு அந்தோணிசாமியின் விசிலுக்கு நிற்கிறார். ஏழு பெண்கள் தெருவை அடைத்துக் கோலம் போட்டதில் என் ஸ்கூட்டர் வெளியே வரமுடியவில்லை. யக்ஞநாராயணன் சார் குணாவின் நம்பரைக் கேட்கிறார். கீழ்வீட்டுப் பூட்டு அப்படியே தொங்குகிறது. அப்பாவும் அம்மாவும் வண்டியில்தான் படுக்கிறார்கள். "குளிர்காலம் மாசி வரைக்கும் இருக்கு, ஷர்மி" என்கிறார். நான்கு மூலையிலும் கல் நட்டாயிற்று. நாளைக்குச் சிமெண்டு வருகிறது, இந்த முறை நல்ல மணலும் வருகிறது. ஆகவே உடனே அப்பாவுக்குப் போன் செய்து, "கடற்கரைக்குப் போங்கப்பா" என்று மட்டும் சொல்.

மாடியிலிருந்து பார்த்தால் வண்டிக்குள் விளக்கு தெரிகிறது. உடனே என்று எழுதிவிட்டேன். பொங்கல் கழித்துச் செய்தால் போதும்.