அடுப்பு எரியாத சாயங்காலம்

உலகத்திலேயே ஒற்றைக் கேள்வியால் ஒரு தெருவைக் காலி செய்யக்கூடியவர் எங்கள் ராத்திரிக்கென்னக்கா ஒருவர்தான். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றால், மாடுகூட அடுத்த தெரு வழியாகத்தான் வீடு திரும்பும். கேள்வி இதுதான்: “உங்க வீட்டுல ராத்திரிக்கு என்ன?” வேலை மாற்றலாகி நான் கும்பகோணத்தில் அந்தத் தெருவில் குடியிருந்த காலத்தில், அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டால் கேள்வி இன்னும் உக்கிரமாகும். சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவரை வாசலிலேயே மறித்துக் கேட்டார். அவர் மூச்சு வாங்க, “பழைய சோறும் வெங்காயமும்தாங்க்கா” என்றார். “குடுத்து வச்சவப்பா உன் பொண்டாட்டி” என்று அக்கா பெருமூச்சு விட்டார். சிலிண்டர் அதுவரைக்கும் தோளிலேயே இருந்தது.

காய்ச்சல் என்று ஒருமுறை டாக்டரிடம் போனார். நான்தான் துணைக்குப் போனேன். டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, “மூச்ச நல்லா இழுத்து விடுங்கம்மா” என்றார். அக்கா இழுத்தார். விடும்போது, “உங்க வீட்டுல ராத்திரிக்கு என்ன டாக்டர்?” என்பதையும் சேர்த்து விட்டார். டாக்டர் பாவம், நிஜமாகவே யோசித்தார். “தெரியலையேம்மா, ஏதாவது இருக்கும்” என்றார். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. “இங்கேயும் ஏதாவதுதானா!” என்று மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த ‘ஏதாவது’ அவர் வீட்டுக்காரரின் வார்த்தை. மனிதர் ஒரு ரைஸ் மில்லில் நெல் பார்த்து வாங்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். விவசாயி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவான். இவர் நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்து, “ஈரம்” என்று திருப்பி அனுப்பிவிடுவார். மில்லில் அவருக்கு ஓய்வு கொடுத்தார்களே தவிர, அந்தப் பல்லுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

“ராத்திரிக்கு என்னங்க செய்யட்டும்?”

“ஏதாவது செய்யி.”

“இட்லி ஊத்தட்டுமா?”

“இந்த வெக்கையில இட்லியா?”

“அப்ப தயிர் சாதம்?”

“நான் என்ன பத்தியத்துலயா இருக்கேன்?”

“உப்புமா கிண்டிரவா?”

“ஏன், நான் உசுரோட இருக்கறது பிடிக்கலையா?”

கடைசியில் சப்பாத்தி, குருமா என்று தீர்ப்பாகும். அதுவும் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரவேண்டும். மேற்கு பார்த்த சமையலறை, மேலே தகரக் கூரை. ஃபேன் போட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்று அங்கே ஃபேனே கிடையாது. அவர் கூடத்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, “என்னமா புழுங்குது!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். எதிர்வீட்டில் இருந்த எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

“தெருவெல்லாம் கேக்குறீங்களே, கேட்டு என்னக்கா ஆகப்போகுது?” என்று ஒருநாள் எரிச்சலாகவே கேட்டுவிட்டேன்.

“எவளாவது ஒருத்தி, ‘இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல’ன்னு சொல்ல மாட்டாளான்னுதான்” என்றார். “ஒரே ஒருநாள். கத்திரியில ஒரு சாயங்காலம் நான் அந்த அடுப்பு கிட்டப் போகாம இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

நகை கேட்கவில்லை, பட்டுப்புடவை கேட்கவில்லை, காசிக்குக் கூட்டிப்போ என்று கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் காசிகூடக் கிடைத்திருக்கும், அது கிடைக்காது.

அப்படி ஒரு நாளும் வந்தது. மத்தியானத்திலிருந்து கரண்டு இல்லை. வழக்கம்போல ‘ஏதாவது’ என்று பதில் வந்ததும், லைட்டரைக் கையில் எடுத்த அக்கா அதைத் திரும்ப வைத்துவிட்டாராம். ஆறு மணியாகியும் குக்கர் விசில் இல்லை, தாளிக்கிற வாசனை இல்லை. கோடி வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். அக்கா தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வாசப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே கூடத்தில், சில்லென்று இருக்குமே என்று வெறும் தரையில் நீட்டிப் படுத்திருந்தார் வீட்டுக்காரர். முகத்தின்மேல் ஈரத்துண்டு.

“என்னக்கா, அடுப்பு பத்த வைக்கலையா?”

“இல்ல டீச்சர். இன்னிக்கு இந்த வீட்டுல அடுப்பு கிடையாது.”

அவ்வளவுதான் சொன்னார். நம் ஊரில் சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்திலிருந்துதான் சாப்பாடு போகவேண்டும். தரையில் ஆள் வேறு அசையாமல் கிடக்கிறது. டீச்சர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் தெருவே திரண்டுவிட்டது. இட்லி வந்தது, தொட்டுக்கொள்ளக் கடப்பா வந்தது, எலுமிச்சை சாதம் வந்தது. நானும் தயிர் சாதத்தோடு ஓடினேன். அழுகை வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? யாரோ மாலைக்குச் சொல்லி அனுப்பினார்கள். யாரோ போன் போட்டதில், பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி ஜெனரேட்டரோடு வேனில் வந்து இறங்கியது. கூட்டத்தில் ஒருத்தி ‘ஓ’வென்று குரலெடுத்தாள். அந்தச் சத்தத்தில் துண்டை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார் மனிதர்.

“சாப்பாடு ஆயிடுச்சா?”

கூட்டம் அலறியடித்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தது. டீச்சரின் செருப்பு ஒன்று மறுநாள் எங்கள் வீட்டு வாழைமரத்தடியில் கிடைத்தது. விஷயம் விளங்கியதும் மனிதர் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. ஐஸ் பெட்டியைத் தடவிப் பார்த்து, “கரண்டு இல்லாத நேரத்துல என்னமா ஜில்லுனு இருக்கு!” என்றார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் சாவுக்கு வந்த கடப்பாவை ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பு கம்மி” என்றார்.

அக்கா எங்கே என்று தேடினேன். அதே வாசப்படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் தட்டு. டீச்சர் ஒற்றைச் செருப்போடு பக்கத்தில் நின்று, “இன்னும் ஒண்ணு போட்டுக்குங்க” என்று இட்லி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா போதும் என்று சொல்லவில்லை. அவசரமே இல்லாமல் மென்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுபோயிற்று.

“கல்யாணமாகி வந்ததுலேருந்து, இன்னொருத்தி ஆக்கி, நான் உக்காந்து, பக்கத்துல ஒருத்தங்க நின்னு போட்டு சாப்பிட்டது இன்னிக்குத்தான்” என்றார். “அதுக்கு ஒரு சாவு விழணும்னு இருக்கு பாரு.”

மறுநாள் சாயங்காலம் குக்கர் விசில் கேட்டது. வீட்டுக்காரருக்கு ‘ஐஸ் பெட்டி’ என்று பெயர் வைத்து, தெரு அந்தக் கோடை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அக்கா சொன்னதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கேட்ட பெண்களுக்கெல்லாம் அவரவர் வீட்டில் அடுப்பு காத்துக்கொண்டிருந்தது.

நான் இப்போது தஞ்சாவூரில் இருக்கிறேன். என் வீட்டிலும் ஒரு ‘ஏதாவது’ உண்டு. அதைப் பற்றி எழுதினால் இந்த வாரம் முழுக்கச் சண்டைதான். இந்தக் கத்திரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூக்குச்சட்டியில் தயிர் சாதமும் மாவடுவும் எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினேன். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துக் கேள்விக்கு வாயைத் திறந்தவர், கையிலிருந்த தூக்கைப் பார்த்ததும் வெளுத்துப்போனார்.

“ஐயோ, யாருக்குடி என்ன ஆச்சு?”

“யாரும் சாகலக்கா. நீங்க உக்காருங்க, நான் போடுறேன்.”