ரீலுக்குள் சிவப்புப் பொடி

மாரியம்மன் துணை

3ஆம் நம்பர் லயம்,
மேற்பிரிவு,
தலவாக்கலை.
21.11.2024

அன்புள்ள மச்சான் சுதாகரனுக்கு,

அத்தான் வீரய்யா எழுதுவது. இங்கே நான், உன் அக்கா நாகலெட்சுமி, ரெண்டு ஆடு எல்லோரும் சுகம். வத்தளையில் நீயும் தனுஜாவும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்கத் தாயை வேண்டுகிறேன். என் தூண்டில் ரீல் மட்டும் சுகமில்லை. அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். வரிசை வீடுகளுக்கு நடுவே லயத்துச் சுவர் உனக்குத் தெரியாததா? இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து சிவசாமி "நூறு ஆயுசு" என்பான். அவன் காதில் விழக்கூடாத சமாச்சாரம் இது.

நீ வாங்கி அனுப்பிய கார்பன் வாஷர் ஐந்தும் பத்திரமாக வந்தன. நீ சொன்னபடியே ரீலைக் கழற்றி, பழைய கம்பளி வாஷர்களை எடுத்துவிட்டு, புதியவற்றுக்கு மெல்லிசாக கிரீஸ் பூசி மாட்டினேன். நீ அதை டிராக் என்கிறாய், எனக்கு அது பிரேக். மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்க வேண்டும், அறுந்தும் போகக்கூடாது, அவ்வளவுதானே. தேயிலைப் பெக்டரியில் முப்பத்தொரு வருசம் மெசின் பிட்டராக இருந்து ரோலரையே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டியவனுக்கு உள்ளங்கை அளவு ரீல் ஒரு பெரிய வேலையா? முதல் ஞாயிறு டேமில் ரெண்டு கிலோக் கெண்டை ஒன்று தூண்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடியது. பிரேக் வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுத்தது. கரையில் கொண்டுவந்து போட்டேன். பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்த சிவசாமி, டின்னில் சுற்றிய தங்கூஸ் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இனி டேமுல மீனு மிஞ்சாது போல" என்றான். அப்போது சிரித்தேன். இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது.

அந்த வாரமே ஆயுத பூசை வந்தது. தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, ஸ்பேனர், ரீல் எல்லாவற்றையும் வைத்து, பெக்டரியில் மெசினுக்கு எப்படிச் செய்வேனோ அப்படியே, ஒரு பாகம் விடாமல் முறையாகக் கும்பிட்டேன். சாமி குத்தம் ஒன்றும் கிடையாது. அதை ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த ஞாயிறு போனால், மச்சான், ரீலுக்குப் பேய் பிடித்திருக்கிறது! மீன் இழுத்தால் பிரேக் டக்கென்று பிடிக்கிறது, அப்புறம் சர்ரென்று விடுகிறது, மறுபடியும் டக். நல்ல மூணு கிலோ இருக்கும், நூல் அறுந்து போயே போச்சு. "திருகை லூஸாக்குங்கண்ணே" என்று சிவசாமி கத்தினான். நான் சொல்லாமல் என் பிரேக் இறுகியிருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அடுத்த ரெண்டு ஞாயிறும் இதே கதை.

முதலில் கிரீஸ் விற்ற பைஸர் நானா மேல்தான் சந்தேகம் வந்தது. கடைக்கே போய்க் கேட்டேன். மனுசன் டப்பாவைத் திறந்து, கிரீஸை விரலில் எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாருங்க, இது நல்ல சாமான்" என்றார். சரி, அவர் இல்லை. வீட்டுக்கு வந்து ரீலைத் திறந்தேன். ஐயோ மச்சான்! அஞ்சு வாஷர்லயும் ஒன்னு விடாம மஞ்சளும் செவப்புமா ஒரு பொடி காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு! இது செய்வினையில்லாம வேற என்னா? ரீல் தொங்குறது வாசக்கதவு ஆணியில. சிவசாமி ஒரு நாளைக்கு நாலு தடவ அந்த வழியாத்தான் போறான். அவன் நெத்தியப் பார்த்தேன், குங்குமம் அதே நெறம். உன் அக்கா நெத்தியிலயும் அதே நெறந்தான்னு நீ சொல்லுவ. அவளச் சந்தேகப்பட இன்னும் முறை வரல.

மறுநாள் பீலிக்கரையில், தண்ணி பிடிக்க வந்த சனம் அத்தனை பேருக்கும் முன்னால், "செய்வினை வெச்சது நீதானே?" என்று சிவசாமியைக் கேட்டேவிட்டேன். சிவசாமி வாளியைக் கீழே வைத்தான். "நாப்பது வருசமா ஒரே சொவத்துல சாஞ்சிருக்கோம். என்னையா இப்புடிக் கேக்குறீங்க? கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்றேன். நான் பண்ணலன்னா நீங்க என்னா பண்ணுவீங்க?" என்றான். நானும் ரோசத்தில், "ரீல டேமுக்குள்ளேயே வீசிட்டு, அந்தக் கல்லுப் பக்கமே வரமாட்டேன்" என்றேன். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி சூடம் அடிக்க நாள் குறித்தாயிற்று. மூன்று வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கல்லில் தனியாகப் போய் உட்கார்ந்து, ரெண்டு பேருக்கு வாங்கிய பிஸ்கட்டை நானே தின்கிறேன். அது அவனுக்குத் தெரிய வேண்டாம். ஆகவே நீ உடனே ஒரு காரியம் செய். வாஷர் செய்கிற கம்பெனியில் இப்படிப் பொடி போடுவதில்லை என்று உன் கையெழுத்தோடு எழுதி அனுப்பு. ஒரு வாஷரைப் பொலித்தீன் பையில் போட்டு இத்துடன் வைக்கிறேன். வெறுங்கையால் தொடாதே. தனுஜாவைத் தொடவே விடாதே.

பிள்ளைகள் படித்துப் பெரிய உத்தியோகம் பார்க்க எங்கள் ஆசி. குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு, யாரையும் நம்பாமல் இருக்கும்,
அத்தான் வீரய்யா.

பி.கு.: உறைக்குள் வாஷரைத் தேடாதே, எடுத்துவிட்டேன். பைக்குள் போடும்போது உன் அக்கா பார்த்துவிட்டாள். "என்னாங்க, பூசையன்னிக்கு நீங்கதானே அத எல்லாம் கழட்டி, தாம்பாளத்துல அடுக்கி, ஒன்னொன்னுக்கும் சந்தனமும் குங்குமமும் வெச்சீங்க? தொடைக்காமலா மாட்டுனீங்க?" என்றாள். அவள் குரல் உனக்குத் தெரியும், கீழ்ப்பிரிவு வரை கேட்கும். வாயைப் பொத்தச் சொல்லிக் கையைக் காட்டுவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. அப்புறம் சிரிப்பு. சிவசாமிதான். அடக்க முடியாமல் சிரித்துச் சிரித்து இருமுகிறான். "அண்ணி, அந்தச் சந்தனத்த அண்ணன் நெத்தியில வெச்சிருந்தா இந்த வம்பே வந்திருக்காதே!" என்றான். எனக்கு வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. ஆனாலும் மச்சான், மூணு வாரம் கழிச்சு அந்தச் சிரிப்பக் கேட்டதும் கண்ணுல தண்ணி வந்திருச்சு. "சிவசாமி, மன்னிச்சிருப்பா"ன்னு சொவத்தப் பார்த்துச் சொன்னேன். "ரீல டேமுல வீசாதீங்க, அத இங்க கொண்டாங்க, மண்ணெண்ணெயில கழுவித் தாரேன். ஞாயித்துக்கெழமை பிஸ்கட் மட்டும் மறந்துராதீங்க" என்றான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. வாஷர் மொத்தம் ஐந்து. கொடுக்கும்போது அவனுக்குத் தெரியாமல் ரெண்டு தடவை எண்ணித்தான் கொடுத்தேன்.