கம்மாய்ல கத்துக்கிட்ட சர்ஃபிங்

போன வருசம் ஒரு செவ்வாக்கிழமை. அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். போன்ல வந்த ஒரு ஃபாரத்தை நெரப்பி சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்.

சின்னமனூர்ல பைப் கடை வச்சிருக்கேன். சொட்டுநீர்க் குழாய், மோட்டார், தண்ணித்தொட்டி, பி.வி.சி. கதவு எல்லாம் கெடைக்கும். நல்லா வித்த டீலருகளை கம்பெனிக்காரவுக குடும்பத்தோட எங்கயாச்சும் கூட்டிட்டுப் போவாக. அந்த வாட்டி இலங்கை. நாலு நாள். அதுல ஒரு நாள் கிழக்குக் கடற்கரையில சர்ஃபிங்.

சர்ஃபிங்னா பலகை மேல ஏறி நின்னு அலையோட சறுக்கிட்டு வர்றது. நான் டி.வி.யில பாத்துருக்கேன். அம்புட்டுத்தான் நமக்கும் அதுக்கும் உள்ள பழக்கம்.

ஃபாரத்துல மூணு கடற்கரை போட்டுருந்தாக. மொதலாவது புதுசா வர்றவுகளுக்கு. அடியில மணல், இடுப்பளவு அலை. ரெண்டாவது ஓரளவு தெரிஞ்சவுகளுக்கு. மூணாவது நல்லா கைதேர்ந்தவுகளுக்கு. அடியில பாறை, ஆளை விட ஒசரமா அலை. உங்க தெறமைக்குத் தக்கன ஒண்ணை டிக் பண்ணுங்கனு இருந்துச்சு.

என் வீட்டுக்காரி மலர் ஸ்கூல் டீச்சர். ஃபாரம்னா ஒரு எழுத்து விடாமப் படிக்கிறவ. படிச்சா, மொதக் கட்டத்தை டிக் பண்ணா, அனுப்பிட்டா. அரை நிமிசம்.

"நீங்களும் அதையே போடுங்க. வேலை முடிஞ்சுச்சு"ன்னா.

நானும் போடத்தான் போனேன். அந்நேரம் பாத்து டீலருங்க வாட்ஸப் குரூப்புல ஆண்டிபட்டி பாண்டி ஒரு மெசேஜ் போட்டாரு. "நான் ரெண்டாவது கடற்கரை. ஓரளவு தெரியும்."

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. ஆண்டிபட்டி மழையை நம்பிக் கெடக்குற ஊரு. நான் முல்லையாத்துத் தண்ணியில வளந்தவன். அறுபதடிக் கெணத்துல தலைகீழாக் குதிச்சவன். அவரு ரெண்டுன்னா நான் எத்தனை?

மூணாவதை டிக் பண்ணிட்டேன்.

டிக் பண்ணதும் கீழ ரெண்டு கேள்வி புதுசா வந்துச்சு. "உங்க போர்டு எத்தனை அடி? எத்தனை வருசமா உபயோகிக்கிறீங்க?"

இது எனக்குப் பழக்கமான கேள்வி. கம்பெனிக்காரவுக கடை போர்டை மாத்திக் குடுக்கும்போதெல்லாம் இதைத்தான் கேப்பாக. பன்னெண்டு அடி, பதினாலு வருசம்னு உள்ளது உள்ளபடி போட்டேன். கடை வாசல்ல தொங்குற போர்டை எட்டிப் பாத்து, கலரு நீலம்னும் சேத்துவிட்டேன்.

மறுநா காலையில சென்னையில இருந்து போன். டூர் ஏற்பாடு பண்ற பொண்ணு.

"சார், பன்னெண்டு அடி போர்டா? அவ்வளவு பெருசெல்லாம் ஓட்டுறது ரொம்பக் கஷ்டமாமே. அதுவும் பதினாலு வருசமா?"

"ஆமாம்மா, நம்ம சொந்த போர்டு"ன்னேன். என்னமோ கடையைப் பத்தித்தான் விசாரிக்குதுன்னு நெனச்சேன்.

"அப்ப எல்லாருக்கும் முன்னாடி நீங்கதான் சார் செஞ்சு காமிக்கணும். நான் எம்.டி.கிட்ட சொல்லிட்டேன்."

போனை வச்சிட்டா. ஒரு நிமிசம் வெளிய போயி போர்டையே பாத்துக்கிட்டு நின்னேன். அலையில சறுக்குற பலகைக்கும் போர்டுன்னுதான் பேருன்னு அப்பறந்தான் வெளங்குச்சு.

திருப்பிக் கூப்பிட்டேன். "எனக்கு அம்புட்டா வராதும்மா"ன்னேன்.

"பெரிய ஆளுங்க எல்லாருமே இப்படித்தான் சார் சொல்லுவாங்க."

பத்து நிமிசத்துல குரூப்புல அறிவிப்பு வந்துருச்சு. சின்னமனூர் அண்ணன் செஞ்சு காட்டுவாருன்னு. கீழ அறுபது பேரு கை தட்டிருந்தாக. மொதக் கை பாண்டியோடது.

மலர்ட்ட சொன்னேன். அவ சிரிக்கல. அதுதான் பயமா இருந்துச்சு.

"ஃபாரத்தை மாத்திவிடுங்கனு கேளுங்க."

"அறுபது பேரு கை தட்டிட்டாகளே."

"அப்ப கத்துக்கங்க. பதினெட்டு நாள் இருக்கு."

மலரோட தம்பி செந்தில் தெராட்சைத் தோட்டம் வச்சிருக்கான். முப்பத்தஞ்சு வயசு. எதைச் சொன்னாலும் முடியும்பான். அவன்ட்ட போனேன்.

"பலகை வேணும், தண்ணி வேணும், அலை வேணும். அம்புட்டுத்தான மச்சான்? பலகை உங்க கடையிலயே இருக்கு. தண்ணி கம்மாய்ல இருக்கு."

"அலைக்கு?"

"அங்கன போயி பாத்துக்குவம்."

கடையில இருந்த பலகை எதுன்னா, பாத்ரூமுக்குப் போடுற பி.வி.சி. கதவு. உள்ள பொள்ளலா இருக்கும், மெதக்கும். ஆறே முக்கால் அடி, வெளிர் பச்சை. தாப்பாள், கைப்பிடியெல்லாம் மாட்டுனது, யாரோ அளவு தப்பாச் சொல்லித் திருப்பிக் குடுத்துட்டுப் போனது. அதை டிராக்டர்ல ஏத்தி மத்தியானம் கம்மாய்க்குப் போனோம். ரோட்டுல பாத்தவுக எல்லாம் யாரு வீட்டுல வேலை நடக்குதுன்னு கேட்டாக.

மொத நாள், கதவு மேல குப்புறப் படுத்தேன். ரெண்டு நிமிசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஓரத்து ஓட்டையில தண்ணி ஏறி, கதவும் நானும் மெல்லமா அடிக்குப் போனோம். ஆழம் நெஞ்சளவுதான். அதனால மானம் மட்டுந்தான் முழுகுச்சு.

ரெண்டாவது நாள் ஓட்டையெல்லாம் பைப் ஒட்டுற கம் போட்டு அடைச்சோம். செந்தில் கயித்தைக் கட்டி கரையில நடந்துக்கிட்டே இழுத்தான். நான் முட்டி போட்டேன். கதவு திரும்பிருச்சு. இப்படியே ஒரு வாரம். முட்டி வரைக்கும் வந்தேன், அதுக்கு மேல வரல.

"அலை இல்லாம நிக்க வராது மச்சான். அது தூக்கிவிடணும்"னு செந்தில் சொன்னான். அவனும் டி.வி.யில பாத்தவந்தான்.

ஒம்பதாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அலை வந்துச்சு.

எங்க ஊருக்குப் பால் ஊத்துற பேச்சியம்மாளோட எருமைங்க. முப்பது உருப்படி. வெயில்ல மேஞ்சுட்டு வந்து, கரையில இருந்து மொத்தமா தண்ணிக்குள்ள எறங்குச்சுக. ஒவ்வொண்ணும் ஒரு தண்ணித்தொட்டி அளவு. கம்மாய்த் தண்ணி பொங்கி ஒரு அலையா என்னையப் பாத்து வந்துச்சு.

"மச்சான், வருது. எந்திரிங்க"ன்னான் செந்தில். ஒரு கையில போன் வச்சு வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தான்.

எந்திரிச்சேன். நெசமாவே எந்திரிச்சு ரெண்டு கால்லயும் நின்னேன். கதவு என்னையச் சொமந்துக்கிட்டு அரை எட்டு முன்னால போச்சு. என் வாழ்க்கையில அந்த மாதிரி ஒரு சந்தோசம் வந்ததில்லை.

ரெண்டு நொடி.

அப்பறம் கதவுக்கு அடியில இருந்து ஒரு எருமை தலையைத் தூக்குச்சு. அதோட கொம்பு கைப்பிடிக்குள்ள போயி மாட்டிக்கிச்சு. அது மெரண்டு, கதவோட கரையேறி ஓட ஆரம்பிச்சுச்சு. நான் பின்னாடியே ஓடுனேன். அரை டவுசரு, அதுவும் ஈரம். எங்க ஊரு மெயின் ரோட்டுல மொதல்ல எருமை, அது தலையில பாத்ரூம் கதவு, அதுக்குப் பின்னால நான், எனக்குப் பின்னால பேச்சியம்மா.

டீக்கடையில இருந்தவுக எந்திரிச்சு வழிவிட்டாக. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. என்னன்னு கேப்பாக?

எருமை நேரா அதோட தொழுவத்துக்குப் போயித்தான் நின்னுச்சு. பேச்சியம்மா மூச்சு வாங்க வந்தாக.

"ஏலே, கக்கூஸ் கதவைக் கொண்டாந்து கம்மாய்க்குள்ள என்னலே செய்ற?"

"பயிற்சி ஆத்தா."

"கதவைத் தொறக்கவா?"

"அது மேல நிக்க."

பேச்சியம்மா என்னைய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாக. "உனக்கு ரெண்டு பிள்ளைக இருக்குல்ல?"ன்னாக. இருக்குன்னேன். "அதுகளாச்சும் நல்லா இருக்கட்டும். இந்த மாடு மெரண்டு இன்னைக்குப் பால் குடுக்கலைன்னா, ஊருக்கெல்லாம் நீதான் போயிப் பதில் சொல்லணும்"னாக.

கைப்பிடியை அறுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அது வரைக்கும் எருமை கழுத்தைத் தடவிக் குடுத்துக்கிட்டு நின்னேன். பால் குடுத்துருச்சு. அது நல்ல மாடு.

வீட்டுக்கு வந்து போனைப் பாத்தா, செந்தில் வீடியோவை என் போனுக்கு அனுப்பிருக்கான், எங்க வீட்டுப் பயலுக ரெண்டும் அதை எடுத்து டீலருங்க குரூப்புல போட்டுருக்குதுக. ரெண்டு நொடி மட்டும். எருமை இல்ல, ஓட்டம் இல்ல. நடுத்தண்ணியில ரெண்டு கையையும் விரிச்சு நான் கம்பீரமா நிக்கிறேன்.

சென்னைப் பொண்ணு எழுதிருந்தா. "அலையே இல்லாத தண்ணியிலயே இப்படி நிக்கிறீங்களே சார்."

அடுத்த வாரம் என் படம் போட்டு பேனர் அடிச்சுட்டாக.

பயலுகளைச் செந்தில் வீட்டுல விட்டுட்டு நானும் மலரும் இலங்கை போய்ச் சேந்தோம். சர்ஃபிங் அன்னைக்குக் காலையில கடற்கரைக்குத் தக்கன வண்டிக நின்னுச்சு. மொதக் கடற்கரைக்கு மூணு பஸ், அதுலயும் இடமே இல்ல, மலர் சன்னல் ஓரமா ஒக்காந்துருந்தா. ரெண்டாவதுக்கு ஒரு வேன், ஏழெட்டுப் பேரு. மூணாவதுக்கு ஒரு வேன், நானும் டிரைவரும்.

மலர் எறங்கி வந்தா. "இப்பவாச்சும் சொல்லிருங்க. கேவலம் ஒண்ணும் இல்ல."

"மொத எல்லாரும் மூணாவது கடற்கரைக்கு வந்து நான் செய்றதைப் பாத்துட்டுத்தான் அவுகவுக எடத்துக்குப் போறாக மலரு. இப்பப் போயி எப்படிச் சொல்றது?"

அவ திரும்பிப் போயி ஒக்காந்துட்டா. முகத்துல கோவம் இல்ல, பயம்.

மூணாவது கடற்கரைக்கு வந்து எறங்குனோம். அதைப் பாத்ததும் எனக்கு உள்ள இருந்த எல்லாமே நின்னு போச்சு. கருப்புப் பாறை. அது மேல மாடி ஒசரத்துல அலை வந்து ஒடையுது. சத்தத்துல பக்கத்துல நிக்கிறவுக பேசுறது கேக்கல. அறுபது டீலரும் குடும்பமும் மணல்ல வரிசையா ஒக்காந்து போனைத் தூக்கிப் பிடிச்சாக.

சர்ஃபிங் சொல்லிக்குடுக்குறவரு அந்த ஊருக்காரரு, தமிழ் பேசுறவரு. பேரு நசீரு. ஒரு பலகையைக் கொண்டாந்து மணல்ல போட்டாரு.

"அண்ணன், தண்ணிக்குப் போக முந்தி இதில படுத்து ஒருக்கா எழும்பிக் காட்டுங்க. எல்லாரையும் கேக்குறதுதான்."

படுத்தேன். தம் கட்டி ஒரே தாவா எந்திரிச்சேன். எடது கால் பலகையில நின்னுச்சு. வலது கால் மணல்ல போயி மடங்குச்சு. எல்லாருக்கும் முன்னாடி முகம் குப்புற விழுந்தேன். வாயில மணல். கணுக்கால்ல சுளீர்னு ஒரு வலி.

நசீரு குனிஞ்சு காலைத் தொட்டுப் பாத்தாரு. மத்தவுகளுக்குக் கேக்காத மாதிரி மெல்லக் கேட்டாரு. "அண்ணன், உண்மையைச் சொல்லுங்க. இதுக்கு முந்தி கடலுக்குள்ள போயிருக்கீங்களா?"

"ராமேஸ்வரத்துல முங்கிருக்கேன்."

"சரி"ன்னாரு. எந்திரிச்சு நின்னு எல்லாரையும் பாத்துச் சத்தமாச் சொன்னாரு. "அண்ணனுக்குக் கால் சுளுக்கிட்டுது. இனி இவர் இறங்கேலாது." அந்த மனுசன் நல்லா இருக்கணும்.

என்னைய மொதக் கடற்கரைக்குத் தூக்கிட்டு வந்து குடைக்கு அடியில ஒக்கார வச்சாக. காலுல துணிக்கட்டு, கையில எளநி. அங்கன பாத்தா பாண்டி இடுப்பளவு தண்ணியில பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. என்னையப் பாத்ததும் கரைக்கு வந்தாரு.

"நீங்க ரெண்டாவதுல இல்ல போட்டிருந்தீக?"ன்னேன்.

"சும்மா குரூப்புல ஒரு பேச்சுக்குப் போட்டேண்ணே. மறுநாளே அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி, எனக்கு ஒண்ணுமே தெரியாது தாயின்னு சொன்னேன். சிரிச்சுட்டு மாத்திவிட்ருச்சு."

நான் எளநியைக் குடிச்சேன்.

மலர் மூணாவது அலையிலயே எந்திரிச்சு நின்னுட்டா. சுடிதார்ல, கையை ரெண்டு பக்கமும் விரிச்சு, கரை வரைக்கும் வந்தா. கூட்டமே கத்துச்சு. எறங்குனதும் நேரா எங்கிட்ட ஓடி வந்தா, தலையெல்லாம் தண்ணி சொட்ட.

"வலிக்குதா?"

"இல்ல. நீ நல்லா நின்ன."

"நீங்க சொல்லிருந்தா ரெண்டு பேரும் சேந்து நின்னுருக்கலாம்"னு சொல்லிட்டு, மறுபடி பலகையைத் தூக்கிட்டுப் போயிட்டா.

இலங்கையில நாலு நாள் இருந்துட்டு, கடல்ல கால்கூட நனைக்காம ஊரு திரும்புன ஒரே டீலரு நான்தான்.