நாத்தனாரின் லேசருக்குக் கிடைத்த பதவி

“சோதிச்சுக் குடுங்கன்னுதானே அனுப்பினேன், ஜெயில்ல போடுங்கன்னா அனுப்பினேன்?”

என் நாத்தனார் எங்கள் சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டது இது. ஓர் எழுத்தும் நான் சேர்க்கவில்லை. ஆலை இயந்திரங்கள் மயிரிழை பிசகாமல் நகர்கின்றனவா என்று லேசரால் அளந்து சொல்வது அவள் தொழில். அந்த லேசர் சரியானதுதான் என்று அளவியல் ஆய்வகம் வருஷாவருஷம் சான்றிதழ் தரவேண்டும். தராவிட்டால் கடைக்குப் பூட்டு. ஆய்வகத் தலைவர் அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர்.

ஆய்வகத்தில் மூல லேசர் என்று ஒன்று, குளிரூட்டிய அறையில் தனியாகக் குடியிருக்கிறது. அதன் அதிர்வெண்தான் சட்டம். நாத்தனாருடையது அதனோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பித் தராமல் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

“உன்னோடது விலகியிருக்கும்மா.”

“உங்களோடது விலகியிருக்கலாமே, அண்ணா?”

“அது மூலம். மத்ததுதான் அதுலேருந்து விலகும். அது எதுலேருந்து விலகும்?”

வெளியிலிருந்து மூன்றாவது லேசர் ஒன்றைத் தருவித்தார்கள். அது நாத்தனார் கட்சியில் சேர்ந்துகொண்டது. உயர்மட்டக் குழு கூடி, பிஸ்கட் தின்று, ‘இரு வெளி லேசர்களும் கூட்டுச் சேர்ந்து விலகியுள்ளமை வருத்தத்துடன் கவனிக்கப்பட்டது’ என்று தீர்மானம் போட்டது. நாலாவதும் வந்து அதே கட்சியில் சேர்ந்த பிறகுதான் குழுவுக்கு ஞானம் பிறந்தது. பழைய லேசருக்குச் சகல மரியாதைகளுடன் ஓய்வு கொடுத்தார்கள். நாத்தனாரின் லேசரை மூல லேசராகப் பதவி உயர்த்தினார்கள்.

விழா அமர்க்களம். பார்லருக்குப் போய்வந்த தலையோடு நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன். பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனாரும் தட்டினாள்.

மறுநாள் சான்றிதழ் வாங்கப் போனாள். துணைக்கு நான்.

“மூலத்துக்கு யாரு சான்றிதழ் தர்றது? அதுக்கு மேல ஆளே இல்லையே” என்றார் இவர்.

“சரி, லேசரையாவது குடு. ஆலைக்காரங்க காத்திட்டிருக்காங்க. இன்னிக்குப் போகலேன்னா வேற ஆளைப் பாத்துப்பாங்க.”

“மூலம் அறையை விட்டு வெளியே போகக்கூடாதும்மா. நீ ஒண்ணு பண்ணு. வேற லேசர் ஒண்ணு கொண்டு வா. உன் லேசரோட ஒப்பிட்டு, எவ்வளவு விலகியிருக்குன்னு சொல்றோம். தங்கச்சிங்கறதால சீக்கிரமாவே சொல்றேன்.”

அவள் எழுந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அண்ணா என்றே கூப்பிட்டவள்.

“சார், என் லேசரைக் குடுங்க, சார்.”

இவர் கோப்பைப் புரட்டினார். உதவியாளர் இவரைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த விழாப் படத்தில் என் தலை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.